பேச்சிக்குக் காது கேட்காது என்று நிரூபித்தோம்

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாரும் இளம் ஆசிரியைகள். நான் என் காலத்துப் படம் ஒன்றைக் காட்டினேன். நெஞ்சில் துணிப்பை கட்டி, அதற்குள் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய காது மிஷின் வைத்து, அதிலிருந்து காதுக்கு ஒயர் போகும் ஒரு சிறுமியின் படம். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

“இப்பல்லாம் ஒரு வயசுக் குழந்தைக்கே ஆபரேஷன் பண்ணி உள்ளயே மிஷின் வச்சிடுறாங்க மேடம். அப்ப இந்தப் பெட்டியக் கட்டிவிட்டு என்னதான் பண்ணுனீங்க?”

“பேச வச்சோம்.”

“பெட்டி மாட்டியும் கேக்கலன்னா?”

“அப்பவும் பேச வச்சோம். அதுதான் வம்பாப் போச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். என்ன வம்பு என்று கேட்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பாலசமுத்திரம். பள்ளிக்கூட டீச்சருக்குப் படித்து, பிறகு சென்னையில் ஓராண்டு காது கேளாதோருக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்சி எடுத்தேன். அந்த ஓராண்டை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பேசும்போது வாய்க்குள் என்ன நடக்கிறது என்பது பேசுகிற நமக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு எழுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு ஏறினேன். மிஷன் நடத்திய சின்னப் பள்ளி அது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விட்டுச் சென்ற பங்களாதான் பள்ளிக்கூடம், விடுதி, சாப்பாட்டு அறை எல்லாம். தரை முழுக்கப் பலகை. பழனி, பள்ளங்கி, வத்தலக்குண்டுப் பக்கத்துப் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள்.

தலைமை ஆசிரியை மிஸ் ஞானசௌந்தரி. நெட்டையான உருவம், சாம்பல் நிற ஸ்வெட்டர். எங்களுக்கு மிஸ், ஊருக்கும் மிஸ். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம், எதிரில் இருப்பவரின் வாய் தெளிவாகத் தெரிய வேண்டும். காய்கறிக்காரரிடம் பேரம் பேசினாலும் அவரை வெளிச்சத்துக்கு நேராக நிறுத்திவிட்டுத்தான் பேசுவார். ஆண்களை வேலைக்கு எடுத்தால் சான்றிதழுக்கு முன் மீசையைப் பார்ப்பார். உதட்டை மறைத்தால் வேலை கிடையாது. ஒரு தடவை மேலிடத்திலிருந்து வந்த பெரிய பாதிரியார் (எங்கள் மிஷன் வழக்கில் ஐயர்), பிள்ளைகளுக்கு ஆசி கூறச் சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றார். மிஸ் அவர் முழங்கையைப் பிடித்தே திருப்பிவிட்டார்.

“கொஞ்சம் இந்தப் பக்கம், ஐயரவங்க. உங்க வாய்ல வெளிச்சம் இல்ல.”

வகுப்பில் பிள்ளைகளைக் கூப்பிடப் பெயரும் உதவாது, மணியும் உதவாது. மிஸ் காலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். பலகைத் தரையில் அந்த அதிர்வு பிள்ளைகளின் பாதத்துக்குப் போகும், அத்தனை தலையும் திரும்பும். சேர்ந்த புதிதில் எனக்கு அது வித்தையாகத் தெரிந்தது. பிறகு நானும் தட்டித் தட்டி, லீவுக்கு ஊருக்குப் போனால் என் அம்மாவைக் கூப்பிடவும் தரையைத் தட்டினேன்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் கலையைத்தான் அங்கே முக்கியமாகக் கற்றுக்கொடுத்தோம். அதில் தமிழ் எங்களுக்குச் செய்த சதி கொஞ்சமல்ல. ‘பா’வும் ‘மா’வும் உதட்டில் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு விழாவில் வந்திருந்த அம்மாள் ஒருவர் ஒரு பையனைப் பார்த்து ஆசையாக, “பாடு, பாடு” என்றார். அவன் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, மாடு எதுவும் இல்லை என்று தலையாட்டினான்.

கைஜாடை கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். கை பேசினால் வாய் சோம்பிவிடும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வகுப்பில் கையைக் கட்டி உட்காரச் சொல்வோம். நாங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் பெரிய மாநாடே நடக்கும். இப்போது கைமொழியைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். நாங்கள் தடுத்ததைப் பிள்ளைகளே காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்று சொல்லலாம்.

பள்ளி ஓடியது நன்கொடையில். நன்கொடை வருவது சீசனில். சித்திரை வைகாசியில் மற்ற பள்ளிகளுக்கு லீவு. எங்களுக்கு அப்போது லீவு விட்டால், மலைக்கு வரும் தர்மவான்கள் யாரைப் பார்த்து இரக்கப்படுவார்கள்? அதனால் எங்கள் பெரிய விடுமுறை குளிர்காலத்தில் வந்தது.

நான் கவனித்த வரையில் தர்மம் செய்ய வருகிறவருக்கு இரண்டு விஷயம் நடந்தாக வேண்டும். உள்ளே வந்ததும் கண் கலங்க வேண்டும். கிளம்பும்போது மனம் குளிர வேண்டும். முதலாவதற்குப் பிள்ளை பேசாமல் இருக்க வேண்டும், இரண்டாவதற்குப் பேச வேண்டும். அதே பிள்ளை, அரை மணி நேரத்துக்குள். மிஸ் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். புதிதாக வந்த சின்னப் பிள்ளைகளின் அறைக்கு முதலில் கூட்டிப் போவார். அடுத்துப் பெரிய பிள்ளைகள். அதற்குப் பிறகு டீயும் கேக்கும். இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை.

பேச்சியம்மாள் வந்தது நான் சேர்ந்து ஓரிரு வருடம் கழித்து. வெள்ளகவியிலிருந்து அவள் அப்பா கருப்பணன் தோளில் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தார். ஐந்து வயது இருக்கும். ஒரு சொல்லும் வராத பிள்ளைக்குப் பேச்சி என்று பெயர் வைத்திருக்கிறீர்களே என்று யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“எங்க சாமி பேருங்க. பேரு வைக்கையில தெரியாதுங்களே. வெள்ளனே கெளம்பி வந்தோம். வெரசா அந்தக் காது மிஷின மாட்டி விட்டீங்கன்னா இருட்டுறதுக்குள்ள ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுவதுபோல் இது மாட்டியவுடன் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். மிஷின் என்றால் முதலில் காதுக்கு அச்சு எடுக்க வேண்டும். காதுக்குள் நூல் கட்டிய பஞ்சு வைத்து, இளஞ்சிவப்பாகக் குழைத்த பசையை உள்ளே செலுத்தி, அது இறுகும்வரை பிள்ளை ஆடாமல் இருக்க வேண்டும். பசை ஐஸ் மாதிரி குளிரும். பேச்சி என் மணிக்கட்டைக் கடித்தாள். அந்தத் தழும்பு இன்னமும் லேசாகத் தெரியும்.

அச்சு தயாராகி வந்த நாளில் கருப்பணன் மறுபடி ஏறி வந்தார். பேச்சியின் நெஞ்சில் பையைக் கட்டி மிஷினை முழுச் சத்தத்துக்குத் திருப்பினோம். நான் பின்னால் நின்று அவள் பெயரைக் கூப்பிட்டேன். விசில் ஊதினேன். தட்டைத் தட்டினேன். அவள் பையின் பித்தளைக் கொக்கியைப் பற்களால் சோதித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மிஸ் பெரிய மேளத்தைக் காதருகே அடித்தபோது ஒரு தடவை கண்ணை இமைத்தாள். அவ்வளவுதான்.

“கேக்குதுங்களா?” என்றார் கருப்பணன்.

“இல்லய்யா. உள்ள நரம்பே வேல செய்யல. எந்த மிஷினும் இவளுக்கு உதவாது” என்றார் மிஸ். அவர் யாருக்கும் சர்க்கரை தடவிச் சொன்னதில்லை.

“அப்ப இந்தப் பெட்டி எதுக்குங்க?”

“குடுத்தவரு பாக்க வருவாரு.”

கருப்பணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகளைத் தூக்கப் போனார். மிஸ் குறுக்கே வந்து நின்றார்.

“கேக்க வைக்க முடியாதுன்னுதான் சொன்னேன். பேச வைக்க முடியாதுன்னு சொல்லல. பிள்ளைய விட்டுட்டுப் போங்க.”

“கேக்காமப் பேசுமாங்க?”

“பேசும். நாளாகும்.”

நாளாயிற்று. ‘ப’ வரவேண்டுமானால் உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடிப்போம், அது ஆட வேண்டும். ‘ம’வுக்கு அவள் விரலை என் மூக்கின் மேல் வைப்பேன், அங்கே அதிர வேண்டும். ‘க’வுக்கு அவள் கை என் தொண்டையில். இப்படியே எழுத்து எழுத்தாக, கண்ணாடிக்கு முன் அவள் முகமும் என் முகமும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பல நாள் எதுவும் வராது. சில நாள் நான் அழுவேன், அவள் என் கண்ணீரைத் தொட்டுப் பார்ப்பாள். அவள் வாயிலிருந்து முழுதாக வந்த முதல் சொல் ‘போ’. அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் ஓடிப்போய் மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் வந்து நின்றார். அவரையும் பார்த்துப் “போ” என்றாள். அன்று மதியம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாயசம்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. குரல் ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே தட்டையாக இருக்கும், ஆனால் சொல் தெளிவு. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதில் அவளைப் போன்ற பிள்ளையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரியைச் சுற்றிப் பிள்ளைகளை நடக்கக் கூட்டிப் போவோம். தூரத்தில் படகில் போகும் புதுமணத் தம்பதிகள் தங்களுக்குள் பேசுவதைப் படித்து, உரத்த குரலில் எங்களுக்கு ஒப்பிப்பாள். “அந்த அக்கா சொல்றாங்க, உங்க அம்மா வந்தா நான் போயிருவேன்.” படகுத் துறையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அத்தோடு மிஸ் எங்கள் நடைபாதையைக் காட்டுப் பக்கமாக மாற்றிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் மில் முதலாளி சோமசுந்தரம் எங்கள் கதைக்குள் வருகிறார். திண்டுக்கல் பக்கம் நூல் மில். கொடைக்கானலில் சீசனுக்கு ஒரு பங்களா. எங்கள் பிள்ளைகள் சாப்பிடும் அரிசி அவர் அனுப்புவது. மிஷின்களும் அவர் கொடுத்தவைதான். இறந்துபோன தாயாரின் நினைவாகக் கொடுத்ததால் ஒவ்வொரு பெட்டியிலும் அந்த அம்மாளின் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதச் சொல்லியிருந்தார். பெயர் வெளியே தெரிய வேண்டும் என்று பையிலும் ஒரு சன்னல் வெட்டித் தைத்தோம். இப்படி எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அவருடைய அம்மாவை நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்தார்கள்.

அதுவரை அவருக்குப் பதிலாக மேனேஜர் ராமலிங்கம்தான் வருவார். பேச்சிக்குப் பன்னிரண்டு வயது நடந்த ஒரு சீசனில் முதலாளியே நேரில் வந்தார். பெண்பிள்ளைகளுக்கு என்று தனியே விடுதி கட்டித் தரும் யோசனை இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கனத்த சரீரம், பட்டுச் சால்வை, சுத்தமாக மழித்த முகம். மிஸ்ஸுக்கு முதல் பார்வையிலேயே திருப்தி. ராமலிங்கம் அவரது இடது தோளை விட்டு விலகவே இல்லை. யார் எது சொன்னாலும் அதைக் குனிந்து ஒரு தடவை திருப்பிச் சொன்னார். பெரிய மனிதர்களுக்கு எல்லாமே இரண்டு தடவை பரிமாறப்படும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சின்னப் பிள்ளைகளைப் பார்த்தார், கண் கலங்கினார். பெரியவர்கள் அறைக்கு வந்தார். பேச்சி முன்னால் வந்து கும்பிட்டாள்.

“ஒம் பேரு என்னம்மா?”

“என் பேரு பேச்சியம்மாள். உங்க பேரு என்னங்க?”

அவர் திகைத்துப் போனார். “எந்த ஊரு?”

“வெள்ளகவி. நீங்க கார்ல வந்தீங்களா? எங்க ஊருக்குக் கார் வராது. நடக்கணும்.”

முதலாளி மெதுவாகத் தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வெகு தூரத்திலிருந்து முணுமுணுத்தார். எனக்கே அது கேட்கவில்லை. பேச்சி சிரித்துக்கொண்டே, “இட்லி சாப்பிட்டேன். சட்னி காரம்” என்றாள்.

அவர் முகத்தில் கலக்கமும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. கோபம்தான் இருந்தது. ராமலிங்கத்திடம் கண்ணைக் காட்டினார். அவர் பிள்ளைகளுக்குப் பின்னால் போய், டீ கொண்டுவந்த பித்தளைத் தாம்பாளத்தை அப்படியே தரையில் போட்டார். பலகைத் தரை கிடுகிடுத்தது. பேச்சி மட்டுமல்ல, அறையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

“பாத்தியாய்யா?” என்றார் முதலாளி எழுந்துகொண்டே. “ஒண்ணுக்கும் செவிடு இல்ல. எல்லாத்துக்கும் நல்லாக் கேக்குது. நல்ல பிள்ளைகளக் கூட்டியாந்து பெட்டியக் கட்டி விட்டு நாடகம் நடத்துறீங்களா?”

“ஐயா, அது தரை அதிர்ந்ததுங்க. கால்ல தெரியும்” என்றார் மிஸ். ராமலிங்கம் ஓடி வந்து அதைக் குனிந்து திருப்பிச் சொன்னார்.

“கால்ல கேக்குதாம்ல!” என்று ராமலிங்கத்தைப் பார்த்தார். “காது கேக்காதவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு எனக்குச் சொல்லித் தர வேணாம்மா. இந்த மாதிரி டக்கு டக்குன்னு பதில் சொல்ல முடியவே முடியாது.”

டீயைத் தொடாமல் போய்விட்டார். அடுத்த மாத அரிசி வரவில்லை. அவர் தலைவராக இருந்த தர்மக் கமிட்டியில் மற்றவர்களும் கையை இழுத்துக்கொண்டார்கள். ஏழு வருடம் கண்ணாடி முன் உட்கார்ந்து ஒரு பிள்ளையைப் பேச வைத்ததற்குப் பலனாக, பள்ளிக்கூடம் பிள்ளைகளைப் பாதிப் பேராகக் குறைக்கலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்தது. ஒருத்தியும் பேசாமல் இருந்திருந்தால் விடுதி கிடைத்திருக்கும்.

மிஸ் அவருடைய பங்களாவுக்குப் போய்க் காத்திருந்து பார்த்தார். “பெரிய டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க” என்று பதில் வந்தது. ஆக, மிஸ், நான், பேச்சி மூவரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் சத்தத்தை அளந்து பார்க்கும் கருவி இருந்தது. ஒரு சின்ன அறையில் பிள்ளையை உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டுவார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு பொத்தானாக அழுத்துவார். சத்தம் கேட்டால் பிள்ளை கையைத் தூக்க வேண்டும்.

பேச்சி கையைத் தூக்கினாள். ஒவ்வொரு தடவையும் தூக்கினாள். மிகக் குறைந்த சத்தத்துக்கும் தூக்கினாள். மருத்துவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னம்மா இது? இவளுக்கு என்னைய விட நல்லாக் கேக்குது.”

மிஸ் மட்டும் பதறாமல் பேச்சியின் கண் போகும் பக்கத்தைப் பார்த்தார். பொத்தானை அழுத்தும்போதெல்லாம் மருத்துவரின் தோள் இம்மி அசைந்தது. பேச்சிக்கு அது போதும். அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைக்கச் சொன்னார் மிஸ்.

நான் அறைக்குள் போனேன். பேச்சி திரும்ப மறுத்தாள். என் சேலையைப் பிடித்துக்கொண்டு, “நான் கரெக்டா சொன்னேன் டீச்சர். எல்லாம் கரெக்ட்” என்றாள்.

நான் மண்டியிட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். “கரெக்ட்தான்டா. ஆனா இது பாத்துச் சொல்றது இல்ல. கேட்டாத்தான் தூக்கணும். கேக்கலன்னா தூக்கக் கூடாது.”

“தூக்கலன்னா முட்ட மார்க் போடுவாரு.”

“போடட்டும். இன்னைக்கு நமக்கு அதுதான் வேணும்.”

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்த விதத்தை என்னால் மறக்க முடியாது. எங்களிடம் வந்ததிலிருந்து தெரியும், வரும், முடியும் என்று காட்டுவதற்காகவே வளர்த்த பிள்ளை. அவளிடம் போய், முடியாது என்று காட்டு என்கிறோம். கடைசியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கைகள் மடியில் கிடந்தன. பொத்தான்கள் அழுந்திக்கொண்டே போயின. கை எழவில்லை. கடைசி எல்லைச் சத்தத்தில், ஹெட்போன் அதிர்ந்ததாலோ என்னவோ, ஒரு தடவை மட்டும் விரலைத் தூக்கிவிட்டுச் சந்தேகத்தோடு இறக்கினாள். சுவரைப் பார்த்தபடியே அழுதிருக்கிறாள், திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

இரண்டு காதும் முழுச் செவிடு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் பேச்சிக்கு மிஸ் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

“ஜெயராணி, ஃபெயிலாப் போனதுக்கு ஒரு பிள்ளைக்கு நான் ப்ரைஸ் குடுக்கிறது இதுதான் ஃபர்ஸ்ட் டைம்” என்றார்.

மறு வாரம் மூவரும் முதலாளி பங்களாவுக்குப் போனோம். முதலாளி கூடத்தில் இருந்தார். ராமலிங்கம் வழக்கம்போல் இடது பக்கம். மருத்துவர் எழுதியதை முதலாளி படித்துப் பார்த்தார். பிறகு ஒரு வியாபாரியின் கேள்வி கேட்டார்.

“சரி. கேக்கலன்னே வச்சுக்குவோம். அப்ப எங்கம்மா பேருல குடுத்த மிஷினு இவளுக்கு என்ன உபயோகம்? உபயோகம் இல்லாததுக்கு நான் ஏன் குடுக்கணும்?”

கேட்டால் நாடகம், கேட்காவிட்டால் வீண் செலவு. மிஸ் மிஷினால் பயன்பெறும் மற்ற பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவர் நல்ல தெளிவாகத்தான் பேசினார். ராமலிங்கம் அந்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட்டார்கள் என்று வாசலுக்குப் போயிருந்தார். முதலாளி தலையை அசைத்துக்கொண்டே இருந்தார். மிஸ், “பள்ளங்கியில இருந்து வந்த பையனுக்கு இப்ப பஸ் ஹாரன் கேக்குதுங்க” என்றார்.

“பள்ளங்கி போற பஸ்ஸா? அது சாயந்தரம்தான்” என்றார் முதலாளி.

மிஸ் நிறுத்தினார். நான் குழம்பினேன். பேச்சி மட்டும் இதுவரை கவனித்ததை முடித்துவிட்டவள்போல் என் கையைத் தட்டி, அந்தத் தட்டையான உரத்த குரலில் சொன்னாள்.

“டீச்சர், ஐயாவுக்கும் காது கேக்கல. வாயப் பாக்குறாரு. ஆனா சரியாப் பாக்கத் தெரியல.”

அதை அவர் கேட்டாரா, உதட்டில் பார்த்தாரா தெரியாது. முகம் அப்படியே வெளுத்துவிட்டது. நான் அரிசி, விடுதி, பள்ளிக்கூடம் எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். திரும்பி வந்த ராமலிங்கத்தைக் கையை அசைத்து வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“பதினெட்டு வயசுல இருந்து மில்லுக்குள்ள நின்னவன் நான்” என்றார். குரல் இறங்கியிருந்தது. “வருஷக் கணக்கா இப்படித்தான் கெடக்கு. வீட்டுல பேரப் பிள்ளைக பேசுறது ஒண்ணும் புரியல. பருத்தி யாவாரிக்குத் தெரிஞ்சா நாளைக்கே தலையில மொளகா அரைச்சிருவான். ராமலிங்கத்தத் தவிர யாருக்கும் தெரியாது.”

“மிஷின் போட்டுக்கலாமே ஐயா” என்றார் மிஸ். “உங்க மாதிரிக் காதுக்குத்தான் அது நல்லா ஒதவும்.”

“செவிட்டு மிஷினா? நானா?” என்றார் அவர். தன் அம்மா பெயரையே எழுதி அத்தனை பிள்ளைகளுக்கும் அதை மாட்டிவிட்டவர். பிறகு பேச்சியைப் பார்த்தார். “அன்னைக்கு இந்தப் பிள்ள பேசினத நம்ப முடியல. எனக்குக் கொஞ்சமாச்சும் கேக்குது, எனக்கே முடியல. ஒண்ணுமே கேக்காதவளுக்கு எப்படி முடியும்? இத எங்கம்மா கத்துக்கிட்ட?”

பேச்சி என்னைக் காட்டினாள். “கண்ணாடி முன்னாடி. ரொம்ப நாளு.”

அந்தச் சீசன் முடியும் வரை அவர் தினமும் காலையில் எங்கள் பள்ளிக்கு வந்தார். பிள்ளைகளுக்கு தர்மம் பண்ண வருகிறார் என்று ஊர் பேசிக்கொண்டது. பிள்ளைகளின் சின்ன நாற்காலியில் கனத்த சரீரத்தை அடக்கிக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்தார். மிஸ் அவருக்கு எந்தச் சலுகையும் காட்டவில்லை. “ஐயா, நீங்க என் கண்ணப் பாக்குறீங்க. வாயப் பாருங்க.” முதலாளி தப்பாகச் சொன்னால் பேச்சி தலையில் அடித்துக்கொள்வாள். அவர் மோசமான மாணவர்தான். ஆனாலும் போகும் முன் ஒரு மிஷினை வாங்கிச் சட்டைக்கு உள்ளே மாட்டிக்கொண்டார். அவருடைய பெட்டியில் மட்டும் யார் பெயரும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அரிசி திரும்ப வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் விடுதியும் எழுந்தது. மனம் மாறியதற்குக் காரணம் கேட்டவர்களிடம், டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்தபின் மனம் இளகியது என்று அவர் சொல்லிக்கொண்டார். நாங்களும் மறுக்கவில்லை.

பேச்சி பதினெட்டு முடித்ததும் அவரே தன் மில்லில் வேலை கொடுத்தார். கருப்பணனுக்கு மனசே இல்லை. “காது கேக்காத பிள்ள, அம்புட்டு மிஷினு சத்தத்துல என்னங்க செய்யும்?” என்று என்னிடம் கேட்டார். கேட்ட பிறகு அவரே யோசித்துவிட்டுச் சிரித்தார்.

ஒரு வருடம் கழிந்து அவளைப் பார்க்க நான் மில்லுக்குப் போனேன். நூற்கும் பகுதியின் கதவைத் திறந்ததும் சத்தம் முகத்தில் அறைந்தது. நூல் சுற்றும் கதிர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் சுழலும் இரைச்சல். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பேச்சி அந்தக் கோடியில் நூல் அறுந்த இடத்தை முடிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வாயை அசைத்தாள். பக்கத்து வரிசைப் பெண் ஏதோ வாயசைத்தாள். அதற்கு அடுத்த வரிசையில் ஒருத்தி பதில் சொல்லிச் சிரித்தாள். குரலே இல்லை. அந்தப் பகுதி முழுக்க ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

ஓவர்சீயர் என்னை வெளியே கூட்டி வந்தார். நடுத்தர வயதுக்காரர், அலுத்துப்போன முகம்.

“நீங்கதான் அந்தப் பிள்ளைக்கு டீச்சருங்களா? வேலையில ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு. அவ வர்றதுக்கு முந்தி இந்த செக்ஷன்ல ஒருத்தி வாயத் தெறக்க மாட்டா, தெறந்தாலும் கேக்காது. இப்ப எல்லாருக்கும் சொல்லிக் குடுத்து வச்சிருக்கா. ஷிப்டு பூராவும் பேச்சு. என்ன பேசுறாளுகன்னு எனக்குத்தான் ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. கொஞ்சம் கண்டிச்சு வச்சுட்டுப் போங்க.”

பேச்சு அதிகம் என்று ஒரு பிள்ளைமீது புகார். எங்கள் பள்ளியின் சரித்திரத்தில் அதற்கு முன் வந்ததில்லை.

கண்டிப்பதாக அவருக்கு வாக்குக் கொடுத்தேன். சாப்பாட்டு இடைவேளையில் பேச்சியை கேண்டீனுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

“வேலை நேரத்துல அப்படி என்னடி பேசுறீங்க?”

பேச்சி டீயை ஊதிக் குடித்துக்கொண்டே, கேண்டீனில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“அந்த ஓவர்சீயரப் பத்தித்தான் டீச்சர்.”